சிடிஎல் மெடிக்கல் கார்டு: நோயைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடுமா?

“சுகர் இருக்குன்னு எழுதினா கார்டு தர மாட்டீங்களாமே, நிஜமா டாக்டர்?” அமெரிக்காவில் டிரக்கோ பஸ்ஸோ ஓட்டிக்கொண்டு டாட் ஃபிசிக்கலுக்கு (போக்குவரத்துத் துறை விதிப்படி நடக்கும் உடல் பரிசோதனைக்கு) என்னிடம் வரும் தமிழ் ஓட்டுநர்களில் பலர், படிவத்தைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி இது. யாரோ நண்பர் சொல்லியிருப்பார், அல்லது டிரக் ஸ்டாப்பில் காதில் விழுந்திருக்கும். அதை நம்பி, ‘ஆம்’ என்று போட வேண்டிய கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் செய்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். என் அனுபவத்தில், நோயின் காரணமாக சிடிஎல் எனும் வணிக வாகன ஓட்டுநர் லைசென்ஸை இழப்பவர்களைவிட, நோயை மறைத்தோ, தேதியைத் தவறவிட்டோ, கேட்ட காகிதம் கையில் இல்லாமலோ சிக்கிக்கொள்பவர்கள்தான் அதிகம். பின்னால் சொன்ன மூன்றையும் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. மாநிலம் விட்டு மாநிலம் வணிக வாகனம் ஓட்டுபவர்களுக்கான உடல்தகுதி விதிகளை வகுப்பது எஃப்எம்சிஎஸ்ஏ என்ற மத்திய அமைப்பு. பரிசோதனை செய்து, மெடிக்கல் கார்டு என்ற சான்றிதழைத் தருபவர் அவர்களுடைய தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2014 மே 21 முதல் இதுதான் நடைமுறை. உங்கள் குடும்ப மருத்துவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் அவர் கையெழுத்து செல்லாது. பதிவேட்டில் இருக்கும் நர்ஸ் பிராக்டிஷனரோ கைரோபிராக்டரோ (முதுகெலும்பு, மூட்டு சிகிச்சை செய்பவர்) கையெழுத்திட்டால் செல்லும். கார்டு அதிகபட்சம் 24 மாதத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு வருடத்துக்கோ மூன்று மாதத்துக்கோ கொடுத்தால் அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அதன் பொருள்.

கார்டு காலாவதியான பிறகு நடப்பதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தேதி முடிந்ததும் உங்கள் மாநில லைசென்ஸ் பதிவில் ‘சான்றிதழ் இல்லை’ என்று நிலை மாறும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் மாநிலம் உங்கள் சிடிஎல்-ஐத் தரமிறக்கியாக வேண்டும். அதாவது சாதாரண கார் ஓட்டும் லைசென்ஸ் மட்டும் மிஞ்சும். எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநர், தங்கை கல்யாணத்துக்காக மூன்று மாதம் ஊருக்குப் போனார். போன இரண்டாவது வாரமே கார்டு முடிந்தது. மாநிலம் அனுப்பிய கடிதம் பூட்டிய வீட்டின் தபால் பெட்டியில் கிடந்தது. திரும்பி வந்து வேலைக்குப் போன அன்றுதான், சிடிஎல் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பரிசோதனை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, லைசென்ஸை மீட்கத்தான் வாரக்கணக்கில் அலைந்தார். தரமிறங்கி நாள் கடந்துவிட்டால் தேர்வுகளையே மறுபடி எழுதச் சொல்லும் மாநிலங்களும் உண்டு. ஊருக்கு டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட் தேதியைப் பார்க்கிறீர்கள் அல்லவா, மெடிக்கல் கார்டு தேதியையும் பாருங்கள்.

2025 ஜூன் 23 முதல் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு நாங்கள் தரும் காகிதத்தை நீங்களே எடுத்துப்போய் மாநில அலுவலகத்தில் கொடுப்பீர்கள். இப்போது பரிசோதனை முடிவை நாங்கள் மறுநாள் நள்ளிரவுக்குள் தேசியப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். அங்கிருந்து அது மின்னணு வழியாக மாநிலத்துக்குப் போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் இதற்குத் தயாராகவில்லை. அதனால் காகிதச் சான்றிதழைச் சில காலம் ஏற்றுக்கொள்ளத் தற்காலிக அனுமதிகளும் வந்தன. என் யோசனை: காகித நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வண்டியில் வைத்திருங்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் மாநில லைசென்ஸ் அலுவலகப் பதிவில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், லைசென்ஸில் முன்பின்னாக மாறியிருக்கும், எங்கள் படிவத்தில் பழக்கதோஷத்தில் இனிஷியல் போட்டு எழுதுவீர்கள். பிறந்த தேதியிலும் நாளை முதலில் எழுதும் ஊர்ப் பழக்கம் எட்டிப் பார்க்கும். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், மாநிலம் இவை பொருந்தாவிட்டால் முடிவு உங்கள் பதிவில் போய்ச் சேராமல் நின்றுவிடும். லைசென்ஸை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். அப்புறம், எந்த வகைப் போக்குவரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று மாநிலத்திடம் தரும் சுய அறிவிப்பு. மாநில எல்லைக்குள் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர் வெளிமாநில லோடு எடுக்கத் தொடங்கினால் அந்த அறிவிப்பையும் மாற்ற வேண்டும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது இரத்த அழுத்தம். பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்படி, 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடம் கிடைக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். மேல் எண் 140 முதல் 159 வரையோ, கீழ் எண் 90 முதல் 99 வரையோ இருந்தாலும் ஒரு வருடம்தான். 160 முதல் 179, அல்லது 100 முதல் 109 என்றால் ஒரே ஒரு முறை மூன்று மாதக் கார்டு தருவோம். அதற்குள் குறைத்துக்கொண்டு வர வேண்டும். 180-ஐயோ 110-ஐயோ எட்டிவிட்டால் அன்று கார்டு கிடையாது. சிகிச்சையில் கட்டுக்குள் வந்த பிறகு ஆறு ஆறு மாதமாகத் தருவோம்.

இரவு முழுக்க ஓட்டிவிட்டு, எனர்ஜி டிரிங்க் ஒன்றைக் குடித்து, பார்க்கிங்கில் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக உள்ளே வந்து கையை நீட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். சளிக்காகக் கடையில் வாங்கிய சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையும், மூட்டுவலிக்குத் தினமும் போடும் ஐபுப்ரோஃபெனும்கூட அழுத்தத்தை ஏற்றும். தூங்கி எழுந்து வாருங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் உட்காருங்கள். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள், சின்னப் பட்டை கூடுதலாகவே காட்டும். முதல் அளவு அதிகமாக வந்தால் இரண்டாவது முறை பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று: பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் மாத்திரை தொடங்கி, கார்டு வாங்கியதும் நிறுத்திவிடுபவர்கள். கார்டு கிடைக்கும், மூளையில் இரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். அதுவும் 80,000 பவுண்டு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது.

கண்ணும் காதும் சுருக்கமாக. கண்ணாடியுடனோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 20/40 (சாதாரணக் கண் 40 அடியில் படிப்பதை 20 அடியில் படிக்கும் பார்வை), பக்கப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 70 டிகிரி, சிவப்பு, பச்சை, ஆம்பர் நிறங்கள் தெரிய வேண்டும். ஒரு கண் இந்த அளவை எட்டாவிட்டாலும், 2022 மார்ச் 22 முதல் வழி இருக்கிறது: கண் மருத்துவரோ, பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டோ எம்சிஎஸ்ஏ-5871 படிவத்தை நிரப்பித் தர, நாங்கள் பார்த்து ஓராண்டுக்குச் சான்றிதழ் தரலாம். நல்ல காதில் ஐந்து அடி தூரத்திலிருந்து கிசுகிசுப்பது கேட்டால் போதும், காது கருவியும் போட்டுக்கொள்ளலாம். சிறுநீர் பரிசோதனை புரதம், இரத்தம், சர்க்கரை பார்ப்பதற்கு. போதைப்பொருள் சோதனை தனி நடைமுறை. இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய.

இப்போது சர்க்கரை. நம்மவர்களுக்கு இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்குத் தனிப் படிவம் எதுவும் இல்லை. சமீபத்திய எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அறிக்கையைக் கொண்டுவந்தால் எங்களுக்கு முடிவெடுப்பது எளிது. இன்சுலின் என்றால்தான் பயம் வருகிறது. பழைய காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது: இன்சுலின் போடுபவர் மாநிலம் தாண்டி ஓட்ட மத்திய அரசின் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2018 நவம்பர் 19 அன்று அந்த நிலை மாறிவிட்டது. ஆனாலும், “இன்சுலின் தொட்டால் வேலை போச்சு” என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். கொடுமை என்னவென்றால், கண்ணின் விழித்திரை பாதிப்பு கடுமையான நிலைக்குப் போய்விட்டால், இன்சுலின் போடுபவருக்கு நிரந்தரமாகத் தகுதி போய்விடும். லைசென்ஸுக்குப் பயந்து தள்ளிப்போட்ட ஊசி, கடைசியில் லைசென்ஸையே கொண்டுபோகும்.

இன்சுலின் போடுபவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்களுக்கு இன்சுலின் எழுதித் தரும் மருத்துவர் எம்சிஎஸ்ஏ-5870 படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்ட 45 நாட்களுக்குள் எங்கள் பரிசோதனை தொடங்க வேண்டும். 46-வது நாள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசி மூன்று மாத சர்க்கரை அளவுகள் தேதி, நேரத்துடன் மீட்டரில் பதிவாகி, கணினியில் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதி வைத்திருப்பது செல்லாது. மீட்டரை மாற்றினால் பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள பதிவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பதிவு இல்லையென்றால் அதிகபட்சம் மூன்று மாதக் கார்டுதான் கிடைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வருடம் வரை கிடைக்கும். இன்னொன்று, ஊசி என்றாலே இன்சுலின் இல்லை. ஓசெம்பிக் போன்றவை வேறு வகை மருந்துகள், அவற்றுக்கு இந்தப் படிவம் தேவையில்லை. சர்க்கரை திடீரென இறங்கி நினைவு தப்பியிருந்தாலோ, அடுத்தவர் உதவி தேவைப்பட்டிருந்தாலோ, உங்கள் மருத்துவர் பார்த்துச் சரி என்று எழுதும்வரை வண்டி எடுக்கக் கூடாது.

குறட்டைக்கும் தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதற்கும் இந்த அளவைத் தாண்டினால் தகுதி இல்லை என்று எண் சொல்லும் விதி எதுவும் இல்லை. கொண்டுவர முயன்ற திட்டத்தை 2017-ல் கைவிட்டார்கள். ஆனால் கழுத்துப் பருமன், உடல் எடை, பகல் தூக்கம் இவற்றைப் பார்த்து ஸ்லீப் டெஸ்டுக்கு அனுப்பும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. சிபாப் மெஷின் (தூங்கும்போது மூச்சு அடைக்காமல் காற்றைச் செலுத்தும் கருவி) வைத்திருப்பவர்களிடம், 70 சதவீத இரவுகளிலாவது நான்கு மணி நேரம் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பார்ப்போம். மெஷினை வீட்டில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் சாலையில் இருப்பவர்களின் பதிவு காலியாக இருக்கும். டிரக்கின் படுக்கை அறையான ஸ்லீப்பரிலேயே ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வரும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன மருந்து என்ற பொதுப்பெயரை, அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பதை, படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். சளி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், தூக்கம் வரும். சில இருமல் சிரப்புகளில் கோடீன் இருக்கும், அது போதைப்பொருள் சோதனையில் தெரியும். கஞ்சா விஷயத்தில் மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், டாக்டர் சீட்டு இருந்தாலும், மத்திய விதியில் இடமில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய்தான் போட்டேன் என்பது பாசிட்டிவ் முடிவுக்கு ஏற்கத்தக்க காரணம் ஆகாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை மறைப்பவர்களுக்கு: அந்த மாத்திரைகள் பெரும்பாலானவற்றுக்குத் தடையே இல்லை. உங்கள் மருத்துவரின் கடிதம் ஒன்று இருந்தால் போதும்.

படிவத்தில் நீங்கள் போடும் கையெழுத்து, எழுதியதெல்லாம் உண்மை என்பதற்கான உறுதிமொழி. பொய் என்று தெரிந்தால் கார்டு செல்லாததாகிவிடும், அபராதமும் வரும். விபத்து நடந்து வழக்கானால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மருந்துக்கடை ரசீது வரை கேட்டு வாங்குவார். மறைத்த சர்க்கரை அப்போது வெளியே வரும், தவறு உங்கள் மேல் இல்லாத விபத்தாக இருந்தாலும்.

பலருக்குத் தெரியாத விதி இன்னொன்றும் இருக்கிறது. கார்டில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருக்கிறது, நடுவில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கிறார்கள், அல்லது வலிப்பு வருகிறது, முதுகில் அறுவை சிகிச்சை நடக்கிறது. ஓட்டும் திறனைப் பாதிக்கும் நோயோ காயமோ வந்தால், தேதி மிச்சம் இருந்தாலும் மறுபரிசோதனை முடிந்தபிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் “வேலைக்குத் திரும்பலாம்” என்ற கடிதம் இதற்குப் போதாது. அதை எழுதியவருக்கு நீங்கள் மேசை வேலை செய்கிறீர்களா, டேங்கர் ஓட்டுகிறீர்களா என்று தெரிந்திருக்காது. அவரிடம் உங்கள் வேலையை விவரமாகச் சொல்லி, அறிக்கைகளை வாங்கிக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அன்றே முடிவெடுக்க முடியாத நிலையில், கூடுதல் அறிக்கை வரும்வரை 45 நாட்கள் முடிவை நிறுத்திவைக்க எங்களுக்கு அனுமதி உண்டு. கையிலுள்ள கார்டில் தேதி மிச்சம் இருந்தால், அந்த அவகாசம் உங்களுக்குத்தான் உதவும். அதனால்தான் கார்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நேரம் வாங்குங்கள் என்கிறேன். லைசென்ஸ், கண்ணாடி, காது கருவி, மாத்திரைப் பட்டியல், மீட்டர் பதிவு, சிபாப் அறிக்கை, இதய மருத்துவரின் கடிதம் என்று உங்களுக்குப் பொருந்துவதையெல்லாம் முதல் நாள் இரவே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.