கட்சிப் பெயரை மாற்றி ஒட்டினால்

அமெரிக்கர்கள் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்களா, கட்சியைப் பார்த்தா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓட்டுக் கணக்கை எவ்வளவு அலசினாலும் இதற்கு விடை வராது. அங்கே, அரசு தாராளமாக உதவ வேண்டும் என்கிற தாராளவாதிகளில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அரசின் செலவும் தலையீடும் குறைய வேண்டும் என்கிற பழமைவாதிகளில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்காரர்கள். கொள்கையும் கட்சியும் ஒரே பக்கம் இழுத்தால், ஆளை நகர்த்தியது எது என்று எப்படிச் சொல்வது?

சரி, இரண்டையும் எதிரெதிராக இழுக்க விட்டால்? உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. இந்தத் துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கான உதவித் திட்டம் பற்றி மாணவர்களுக்கு ஒரு செய்தி கொடுக்கப்பட்டது. ஒரு திட்டத்தில் மாதம் சுமார் 800 டாலர், முழு மருத்துவக் காப்பீடு. இன்னொன்றில் 250 டாலர், அரைகுறைக் காப்பீடு. கட்சிப் பேச்சே இல்லாதபோது தாராளவாதிகள் முதல் திட்டத்தையும் பழமைவாதிகள் இரண்டாவதையும் ஆதரித்தார்கள். அப்புறம் எந்தக் கட்சி ஆதரிக்கிறது, எது எதிர்க்கிறது என்ற தகவலை மட்டும் சேர்த்தார்கள். அவ்வளவுதான், திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு மதிப்பே போய்விட்டது. தன் கட்சி சொன்னதென்றால் 800 டாலரைப் பழமைவாதிகள் ஏற்றார்கள், 250 டாலரைத் தாராளவாதிகள் ஏற்றார்கள்.

காரணம் கேட்டபோது, திட்டத்தின் விவரங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். கட்சி மற்றவர்களைத்தான் ஆட்டிவைக்குமாம்! அவர்கள் பொய் சொல்லவில்லை. தன் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததுமே, அந்தத் திட்டம் தங்கள் விழுமியங்களுக்குப் பொருத்தமானதாகவே அவர்களுக்குத் தெரிந்தது.

கற்பனைத் திட்டம், கல்லூரி மாணவர்கள் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் குறைந்தபட்ச ஊதியம் போன்ற விஷயங்களில் டொனால்ட் டிரம்ப் இரு பக்கமும் பேசியிருந்தது ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. 2017 தொடக்கத்தில் மைக்கேல் பார்பரும் ஜெரமி போப்பும் சிலரிடம் அவருடைய தாராளவாத நிலைப்பாட்டையும் சிலரிடம் பழமைவாத நிலைப்பாட்டையும் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். குடியரசுக் கட்சியினர் பலர் அவர் காட்டிய திசையிலேயே போனார்கள். தங்களைத் தீவிரப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்களும் இதில் உண்டு.

  

அதற்காகக் கொள்கை வெறும் ஒப்பனை என்று நான் சொல்ல மாட்டேன். திட்ட விவரங்களைத் தெளிவாக விளக்கிச் சொன்னால் கட்சியின் பிடி தளர்வதை வேறு சோதனைகள் காட்டியிருக்கின்றன. தலைமுறைக் கணக்கில் பார்த்தால் கட்சி விசுவாசம் தோற்கவும் செய்திருக்கிறது. தென் மாநில வெள்ளையர்கள் பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக அந்தக் கட்சியின் தலைமை நின்றபோது, அது பிடிக்காமல் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1964 அதிபர் தேர்தலிலேயே அலபாமா குடியரசுக் கட்சி பக்கம் சாய்ந்தது. ஆனால் அதன் சட்டமன்றம் அந்தக் கட்சியின் கைக்கு வந்தது 2010-இல்தான்.