உப்புப் பிராணிக்கு உப்பால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு

இந்தக் கோடையில் மட்டும் நான்காவது முறையாக, கலிபோர்னியாவின் உவர் ஏரியான மோனோவின் கரையில், அதில் வாழும் சிற்றிறாலைப் பற்றி என்னிடம் அதே கேள்வி கேட்கப்பட்டது: "உப்பு நீரில் வாழும் பிராணிதானே, ஏரி வற்றி உப்பு கூடினால் அதற்கு நல்லதுதானே?" கேட்டவர் லாஸ் ஏஞ்சலிஸ்வாசி. இந்த ஏரிக்கு வரவேண்டிய ஓடை நீரை 1941 முதல் அவருடைய நகரம்தான் திருப்பிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. உவர் ஏரிகளில் நீர் மாதிரி எடுத்து உப்பளவு பார்ப்பது என் தொழில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஆர்ட்டீமியா மோனிகா என்னும் இந்த இறால் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். இயற்கையில் இந்த ஓர் ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லை. உப்பு இதற்கு உணவன்று, சுமை. தன் உடல்நீரைச் சுற்றியுள்ள நீரைவிட மிகக் குறைந்த உப்புடன் வைத்துக்கொள்ள, உள்ளே வரும் உப்பை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உப்பு கூடக்கூட அந்த வேலைக்கே சக்தி செலவாகிறது. வளர்ச்சி தாமதமாகிறது, உடல் சிறுக்கிறது, முட்டைகள் குறைகின்றன. முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவதற்கும் முட்டை முதலில் நீரை உறிஞ்சிப் பருக்கவேண்டும். அடர்ந்த உப்பு நீரிலிருந்து நீரை இழுப்பது எளிதன்று. வெயிலில் வேலை செய்து பழகியவரை உலைக்குள் நிறுத்தினால் சுகமாக இருப்பார் என்று யாராவது சொல்வார்களா? 1941இல் லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராமாக இருந்த உப்பு, 1982இல் ஏறத்தாழ 100 கிராமாயிற்று. ஏரியின் மட்டம் 45 அடி இறங்கி, கொள்ளளவு பாதியாகியிருந்தது.

அடுத்த தவறு எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவது. கோடை உச்சத்தில் 4 முதல் 6 லட்சம் கோடி இறால்கள் இருப்பது உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் அவை அநேகமாக எல்லாமே இறந்துவிடுகின்றன. மறு ஆண்டுக்கான வம்சம் முழுவதும் ஏரியடிச் சேற்றில், தடித்த உறைக்குள் குளிரில் உறங்கும் உறைமுட்டைகளாகக் கிடக்கிறது. இலையுதிர்காலத்தில் இங்கு வந்து இறாலைத் தின்று கொழுக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவைகள் அந்த உறைமுட்டைகளின் தயவில்தான் தென்திசைப் பயணத்தைத் தொடங்குகின்றன. (நல்ல நீர் திடீரென மிகுதியாகப் புகுந்தாலும் சிக்கல் உண்டு: அது உப்பு நீரின் மேல் படலமாக மிதந்து, அடியிலுள்ள சத்துகளை மேலே வரவிடாமல் பாசியையும், அதைத் தின்னும் இறாலையும் பட்டினி போடுகிறது. ஆகவே அளவோடு வரும் ஓடை நீரே தேவை.)

1994இல் மாநில நீர்வள வாரியம் ஏரிக்குக் கடல்மட்டத்திலிருந்து 6,392 அடி உயரம் என்னும் இலக்கு மட்டத்தை விதித்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் ஏரி அதை எட்டவில்லை. ஆகவே லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவர்கள் புல்தரைக்கு நீர் பாய்ச்சுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நேரான உதவி உங்கள் கையில் இல்லை.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மீன் உணவுக்காக டின்னில் வாங்கிய ஆர்ட்டீமியா முட்டைகளை "எண்ணிக்கை பெருகட்டும்" என்று இந்த ஏரியில் கொட்டாதீர்கள். அவற்றுள் பல யூட்டா மாநிலத்துப் பெரும் உப்பு ஏரியின் உறவினத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தின் முட்டை மிதக்கும், மோனோவினுடையது மூழ்கும். அது சமையலுப்பைப் போன்ற குளோரைடு உப்பு மிகுந்த நீருக்குப் பழகியது, இங்கே கார்பனேட் மிகுந்த, பிஎச் ஏறத்தாழ 10 உள்ள, அதாவது கடும் காரத்தன்மை கொண்ட நீர். நல்லெண்ணத்தில் செய்தாலும் கலப்படம் கலப்படமே.

குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமா? ஒரு கண்ணாடிக் குவளையில் ஏரி நீரோடு அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சில நிமிடங்களில் அதே இடத்தில் ஊற்றிவிடுங்கள். ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். கடையில் கிடைக்கும் கடலுப்பைக் கரைத்து அந்த நீரை உங்களால் உண்டாக்க முடியாது.