பரிசுக்கு ஒரு மடக்குக் கத்தி: கூரும் எஃகும் பூட்டும்

புதுக் கத்தி எல்லாமே தாளை வெட்டும். விலையில் பல மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு மடக்குக் கத்திகளைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சோதித்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வெட்டும். தனக்கென்று வாங்குபவர் அதை ஒரு வருடம் பயன்படுத்தி அதன் குணத்தைத் தெரிந்துகொள்வார். பரிசு வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் நாளை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதனால் கத்தியின் தரம் எந்தெந்த இடத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

முதலில் கூர். வெட்டுவது என்றால் அழுத்தத்தை மிகச் சிறிய பரப்பில் குவிப்பது. நன்றாகச் சாணை பிடித்த விளிம்பின் நுனி அகலம் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ எடை தரும் விசையால் அந்த விளிம்பை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பொருளின் மேல் அழுத்தினால், தொடும் இடத்தில் ஏற்படும் அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. நுனி தேய்ந்து 20 மைக்ரானாக அகன்றுவிட்டால் அதே விசையில் அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கத்தி மழுங்கிவிட்டது என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். மழுங்கிய கத்தியை நாம் இன்னும் பலமாக அழுத்துகிறோம். அழுத்தும்போது அது வழுக்குகிறது, கையைக் கிழிக்கிறது.

ஆனால் நுனி வெட்டித் திறந்த பாதையில் அலகு முழுவதும் நுழைந்தாக வேண்டுமே? தாளில் இது தெரியாது. தடித்த அட்டைப்பெட்டியிலோ மரக்குச்சியிலோ இறக்கினால் உடனே தெரிந்துவிடும். கூர் விளிம்புக்குச் சற்று மேலே அலகின் தடிமன் 0.3 மில்லிமீட்டராக இருக்கும் கத்தி இலகுவாக இறங்கும். அதே இடத்தில் 0.8 மில்லிமீட்டர் இருந்தால், நுனி எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பு அடித்ததைப் போலப் பாதியில் சிக்கி நிற்கும். விளம்பரங்களில் 'கனமான, உறுதியான அலகு' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். சட்டைப்பையில் வைக்கும் கத்திக்கு அது பெரும்பாலும் குறைதான். என்னைக் கேட்டால், எஃகின் பெயரைப் பார்க்கும் முன் அலகை முனைப் பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகிலிருந்து விளிம்பு வரை எப்படி மெலிந்து வருகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

சரி, எஃகு. இரும்பில் கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு. கத்திக்கான எஃகில் கார்பன் பெரும்பாலும் அரை சதவீத அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியமும் சேர்ந்தால் அது துருப்பிடிக்கா எஃகு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தை மேற்பரப்பில் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் உருவாக்கிய துருப்பிடிக்கா எஃகு சீக்கிரமே கத்தித் தொழிலுக்குள் வந்ததற்குக் காரணம் இந்தக் குணம்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கார்பன் அதிகமானால் அது குரோமியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினமான துகள்களாக மாற்றிவிடும். அப்படிச் சிக்கிய குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. டி2 என்ற எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும், கவனிக்காமல் விட்டால் அதில் துரு படிவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கார்பைடுகள் காங்கிரீட்டில் கிடக்கும் ஜல்லி போல. சுற்றியிருக்கும் எஃகு தேய்ந்தாலும் இவை தேய மறுக்கும், அதனால் கூர் நீண்ட நாள் நிற்கும். எஸ்30வி என்ற எஃகில் 1.45 சதவீதம் கார்பனும் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகமும் இருக்கின்றன. அதில் உருவாகும் வனேடியம் கார்பைடு, சாதாரண சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடை விடக் கடினமானது. கல் தேயும், கார்பைடு தேயாது. அப்படிப்பட்ட கத்திக்கு வைரத்தூள் பதித்த சாணைத் தகடு இருந்தால்தான் வேலை எளிதாகும். இதற்கு எதிர்முனையில் 12சி27 என்ற ஸ்வீடன் எஃகு. சுமார் 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம், மிக நுண்ணிய கார்பைடுகள். கூர் அவ்வளவு நாள் நிற்காது, ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். சாணை பிடித்துப் பழகாத ஒருவருக்குப் பரிசு என்றால் இரண்டாவது வகையைத்தான் வாங்குவேன். உயர்ந்த எஃகுக் கத்தி ஒருமுறை மழுங்கிவிட்டால், அதைக் கூராக்கத் தெரியாதவர் மேசை இழுப்பறையில் போட்டு வைத்துவிடுவார்.

எஃகின் பெயர் சமையல் பொருள்களின் பட்டியல் மட்டும்தான். சமைப்பது வெப்பப் பதப்படுத்தல். துருப்பிடிக்கா கத்தி எஃகைச் சுமார் 1,050 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கார்பன் இரும்பின் படிகங்களுக்குள் கரைகிறது. உடனே வேகமாகக் குளிர்வித்தால் அது வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே அகப்பட்டு, படிகத்தை இழுத்து முறுக்கிவிடுகிறது. அப்போது எஃகு மிகக் கடினமாகவும் கண்ணாடி போல் எளிதில் உடைவதாகவும் ஆகும். பிறகு 200 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கி, கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார்கள். கடினத்தை ராக்வெல் சி என்ற அளவையில் சொல்வார்கள். சுவிஸ் ராணுவக் கத்திகளின் அலகு 56 அளவில் இருக்கும். உயர்ரக எஃகுகளை 60-க்கு மேலும் கொண்டுபோவார்கள். இந்த வேலையில் அலட்சியம் காட்டினால், எவ்வளவு நல்ல எஃகும் வீண். அப்புறம், தொழிற்சாலையில் அவசரமாகச் சாணை பிடிக்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறி அந்தப் பதம் கெட்டுப்போவதும் உண்டு. முதல் கூர் சீக்கிரம் மழுங்கி, நாமே இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகு கத்தி நன்றாக நிற்பதை நீங்கள் கவனித்திருந்தால், கெட்டுப்போன அந்த ஓரம் தேய்ந்து போய்விட்டது என்று பொருள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தயாரிப்பாளரை நம்பித்தான் வாங்க வேண்டும். 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று மட்டும் பொறித்திருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. '440' என்று மட்டும் இருந்தாலும் அப்படித்தான். அந்த எண்ணில் வரும் எஃகு வகைகளான 440ஏ-யிலும் 440சி-யிலும் கார்பன் அளவு வெகுவாக வேறுபடும். பெயர் பெற்ற கத்திகளுக்குப் போலிகளும் நிறைய. அலகில் எழுத்துப் பொறிப்பது மிகச் சுலபமான வேலை. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

இனி மடக்குக் கத்தியை மடக்குக் கத்தியாக்கும் பகுதிக்கு வருவோம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த இரும்புக்காலக் கத்தி ஒன்று, மடக்கும் யோசனை கிறிஸ்துவுக்கு முந்தையது என்று காட்டுகிறது. அன்றுமுதல் கேள்வி ஒன்றுதான்: விரித்த அலகு விரலின் மேல் மடங்காமல் எப்படி நிற்கும்? மிக எளிய விடையில் பூட்டே கிடையாது. கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங், அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியில் தட்டையான முகங்கள் உண்டு. அலகு முழுதாக விரிந்ததும் ஸ்பிரிங் தட்டை முகத்தில் படிந்து நிற்கும், மூடும்போதும் அப்படியே. சுவிஸ் கத்தித் தயாரிப்பாளர் கார்ல் எல்சனர் 1897-ல் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிகள் கத்தி இந்த வகைதான். வெட்டும்போது விசை அலகை மேலும் விரிக்கும் திசையில் போவதால் பயமில்லை. முனையால் குத்தினாலோ முதுகில் தட்டினாலோ மடங்கிவிடும்.

ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியில் 1955 முதல் ஒரு உலோக வளையம் இருக்கிறது. அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் மடங்கும் வழி அடைபட்டுவிடும். இவ்வளவு எளிமையான பூட்டு வேறில்லை என்பேன். 1964-ல் வந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி பிரபலமாக்கிய முதுகுப் பூட்டில், ஒரு நெம்புகோலின் கொக்கி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழுகிறது. இப்போது அதிகம் காணப்படும் லைனர் பூட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர், 1980-களின் தொடக்கத்தில். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பகுதி ஸ்பிரிங்காக வளைந்து, விரிந்த அலகின் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும். சந்திக்கும் முகங்களைச் சில டிகிரி சாய்த்துச் செய்திருப்பார்கள். தேய்மானம் வர வர தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் மூடும்போது கட்டைவிரலை அலகு வரும் பாதையில் வைத்துத்தான் தகட்டைத் தள்ள வேண்டும். புதியவருக்குத் தரும்போது இதை யோசியுங்கள். பெறுபவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் யோசியுங்கள், ஏனென்றால் பெரும்பாலான லைனர் பூட்டுகள் வலது கட்டைவிரலுக்காகவே செய்யப்பட்டவை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது சோதிக்க வேண்டியவை குறைவுதான். அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. மூடியிருக்கும்போது நடுவில் நிற்க வேண்டும், முனை வெளியே தெரியக்கூடாது. பூட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். கைப்பிடி மரமா, கண்ணாடியிழையா, டைட்டானியமா என்பது பெரும்பாலும் ரசனை. பெறுபவரின் உள்ளங்கை அளவுக்கு அது பொருந்துவது அதைவிட முக்கியம்.

வாங்கும் முன் அவர் வாழும் இடத்தின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டு விளிம்புள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. அங்கே இருப்பவருக்கு அருமையான பூட்டுக் கத்தியைத் தந்தால் அவரால் அதை வெளியே கொண்டுபோக முடியாமல் போகலாம். கத்தியோடு ஒரு சிறிய சாணைக்கல்லும் சேர்த்துக் கட்டுங்கள். பரிசைப் பெற்றவர் விமானத்தில் திரும்புபவராக இருந்தால், கைப்பையில் வைக்காமல் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கச் சொல்லி அப்போதே நினைவூட்டிவிடுங்கள்.