பாக்டீரியோபேஜ்: தின்னியா, உண்ணியா?

பாக்டீரியாவைத் தாக்கி அதனுள் பெருகும் வைரஸைக் குறிக்கும் பெயர் பாக்டீரியோபேஜ். ஆய்வகப் பேச்சில் இது ‘பேஜ்’ என்று சுருங்கிவிடும். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரெல், சீதபேதிக் கிருமிகளை வளர்த்த தட்டில் கிருமியற்ற தெளிவான வட்டங்கள் தோன்றுவதைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அவற்றை அழிக்கிறது என முடிவுசெய்து, 1917இல் இப்பெயரை வெளியிட்டார். இதையொத்த அழிவை 1915இலேயே இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ட்வோர்ட் பதிவுசெய்திருந்தாலும், நிலைத்தது டெரெல் வைத்த பெயரே. (அந்தத் தெளிவட்டத்துக்கும் பல்லில் படியும் காரைக்கும் கொள்ளைநோய் ஒன்றுக்கும் தமிழெழுத்தில் ‘பிளேக்’ என்றே எழுதுகிறோம், தேர்வுத்தாளில் குழப்பம் நேராதிருக்கத் ‘தெளிவட்டம்’ என்பதே நல்லது.)

சொல்லின் முற்பகுதி ‘சிறுகோல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தும், பிற்பகுதி ‘உண்ணுதல்’ என்னும் பொருளுடைய ‘ஃபாகெய்ன்’ என்பதிலிருந்தும் வந்தவை. இதனால் தமிழில் ‘நுண்ணுயிர் தின்னி’ என்று பெயர்த்தனர். இதில் இரண்டு குறைகள் உண்டு. நுண்ணுயிர் என்றால் பூஞ்சையும் பாசியும் அடங்கும்; பேஜ் தாக்குவதோ பாக்டீரியாவை மட்டுமே. அதைவிடப் பெரிய குறை ‘தின்னி’. எறும்புத்தின்னி எறும்பை விழுங்கிச் செரிக்கிறது. பேஜுக்கு வாயுமில்லை, செரிமானமுமில்லை. டி4 என்னும் பேஜ் தன் வால் இழைகளால் ஈ.கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் புறப்பரப்பைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏவை உள்ளே செலுத்துகிறது. புரத உறை வெளியிலேயே தங்கிவிடுகிறது. அந்த டிஎன்ஏ பாக்டீரியாவின் பொறியமைப்பைக் கைப்பற்றி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூறுக்கும் மேற்பட்ட புதிய பேஜ்களை ஆக்கியபின், செல்சுவர் உள்ளிருந்தே உடைகிறது. உண்மையாகவே விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணு. அதனால் அதற்குப் ‘பெருவிழுங்கி’ என்பது பொருந்துகிறது.

பின்னொட்டை ‘தின்னுதல்’ என்னும் நேர்பொருளில் அல்லாமல், பிறிதொன்றின் இழப்பில் வளர்தல் என்னும் பொருளிலேயே கையாண்டதாக டெரெலே விளக்கியிருக்கிறார். அந்தப் பொருளுக்கு நம்மிடம் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது: உண்ணி. ஊனுண்ணி என்பதில் உண்பதைக் குறிக்கும் இச்சொல்லே, மாட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு அதன் குருதியால் வளரும் சிற்றுயிருக்கும் பெயராக வழங்குகிறது. கிரேக்க வேரும் டெரெல் கருதிய பொருளும் ஒருசேர வந்துவிடுவதால், ‘பாக்டீரிய உண்ணி’ என்பதையே நான் ஏற்பேன்.

பேஜின் உறக்கநிலைச் சுழற்சியையும் இச்சொல் ஓரளவு தாங்கும். லாம்டா பேஜ் ஈ.கோலையின் குரோமோசோமில் தன் டிஎன்ஏவை இணைத்துக்கொண்டு, அது பிளவுறுந்தோறும் தானும் நகலாகி, தலைமுறைகளாக அழிக்காமலேயே தங்கக்கூடும். காலரா பாக்டீரியாவின் நச்சுக்கான மரபணுக்களோ ஒரு பேஜ் கொண்டுசேர்த்தவை. தன் விருந்தோம்பிக்குப் படைக்கலம் தருவதைத் ‘தின்னி’ என்பது எவ்வாறு தகும்?

ஆயினும் இச்சொல்லைப் ‘பேஜ்’ போலச் சுருக்க இயலாது. பேஜைக் கொண்டு பாக்டீரியத் தொற்றுக்குச் செய்யும் சிகிச்சையை ‘உண்ணி மருத்துவம்’ என்று எழுதினால், படிப்பவர் கால்நடை மருத்துவமனையைத்தான் நினைப்பார். ஆகவே தனித்து வரும்போது ‘பாக்டீரிய உண்ணி’ என்றும், கூட்டுச்சொற்களில் ‘பேஜ் மருத்துவம்’, ‘பேஜ் வகைப்பாடு’ என்றும் எழுதுவதே இப்போதைக்கு ஏற்புடையது.