வெயிலுக்கு வெள்ளை, நெருப்புக்குக் கறுப்பு

வறண்ட நிலப்பகுதியில் புதிதாகக் குடியேறிய வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். வீட்டின் பின்புறம் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் புரொப்பேன் எரிவாயுத் தொட்டி படுத்திருக்கிறது. சன்னலைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. சுற்றிலும் அடர்த்தியாகப் புதர் வளர்த்து அதை மறைத்துவிடலாமா? தொட்டிக்குக் கரும்பச்சை வண்ணம் அடித்தால் தோட்டத்தோடு ஒன்றிப்போகுமே, அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் சங்கதிகளில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். புரொப்பேன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடிய தொட்டிக்குள் தன் ஆவியாலேயே அழுத்தப்பட்டு அது திரவமாக இருக்கிறது. உள்ளே திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 20 டிகிரியில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல எட்டு மடங்குக்குச் சற்று மேல். 40 டிகிரியில் பதின்மூன்றரை மடங்கு. சூடானால் திரவம் நன்றாக விரியும் என்பதால் தொட்டியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. அமெரிக்காவில் வழக்கத்தில் உள்ள வீட்டுத் தொட்டிகளில், அழுத்தம் ஏறக்குறைய 18 மடங்கைத் தொடும்போது பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை மேல்நோக்கி வெளியேற்றும். உள்ளே உள்ள திரவம் 53 டிகிரி அளவுக்குச் சூடானால் அந்த அழுத்தம் வந்துவிடும். பாலைவனக் கோடையில் காற்றே 45 டிகிரிக்குப் போகும்போது, மிச்சமிருக்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அந்த இடைவெளியைக் காப்பாற்றித் தருவது வெள்ளை வண்ணம்.

வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியைக் கண்ணால் பார்க்க முடியாது; கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் வெளிப்புறம் வெள்ளை வண்ணம் பூசி, நல்ல உச்சி வெயிலில் ஒரு மரப்பலகையின் மேல் கவிழ்த்து வைத்தேன். பளபளக்கும் டம்ளர் கண்ணாடி போல் ஒளியைத் திருப்பி அடிக்கிறது, பார்க்கவே கண் கூசுகிறது. எனவே அதுதான் குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றும். அரை மணி நேரம் கழித்துத் தொட்டபோது பளபளப்பான டம்ளரில் விரலை வைத்திருக்க முடியவில்லை. வெள்ளை டம்ளர் வெதுவெதுப்பாக, கையில் பிடிக்கும்படி இருந்தது.

வெயிலில் கிடக்கும் ஒரு பொருளின் சூடு ஒரு வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பது வரவு. எவ்வளவு வெளியேறுகிறது என்பது செலவு. எல்லாப் பொருள்களும் ஓயாமல் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. பளபளப்பான உலோகம் வரவைக் குறைக்கிறது. ஆனால் செலவையும் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. எந்த அலைநீளத்தை ஒரு பரப்பு விழுங்காதோ, அந்த அலைநீளத்தை அது உமிழவும் செய்யாது. 1859-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் கண்ட விதி இது. உலோகம் அகச்சிவப்பையும் பிரதிபலிக்கக்கூடியது. ஆகவே உமிழ்வதில் கஞ்சன். வாங்கிய சிறிதளவு வெப்பத்தையும் வெளியே விட மாட்டேன் என்கிறது.

வெள்ளை வண்ணம் அப்படியில்லை. அதன் வெண்மை டைட்டானியம் டைஆக்சைடு என்ற பொடியால் வருகிறது. அந்தத் துகள் ஒவ்வொன்றும் கால் மைக்ரோமீட்டர் அளவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பாதி. ஒளியைச் சிதறடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. சூரிய ஒளி பூச்சுக்குள் நுழைந்து, துகளுக்குத் துகள் மோதித் திசைமாறி, வந்த வழியே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் தொட்டியின் சுவர் உமிழும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர். துகளைவிட முப்பது மடங்குக்கு மேல் பெரியது. கடல் அலைக்கு ஒரு கூழாங்கல் எப்படியோ, இந்தக் கதிருக்கு அந்தத் துகள் அப்படி, கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின்தான் அங்கே வேலை செய்கிறது. அதிலுள்ள கார்பன்-ஹைட்ரஜன், கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகள் சரியாக அகச்சிவப்பு அலைவரிசைகளில் அதிர்பவை. அந்தக் கதிர்களை அவை தாராளமாக விழுங்கும், அதே தாராளத்தோடு உமிழவும் செய்யும். அகச்சிவப்புக் கேமரா வழியாகப் பார்த்தால் வெள்ளை வண்ணமும் கறுப்பு வண்ணமும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுமே கறுப்பு!

ஒரே பூச்சு, இரண்டு நிறம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கணக்கைப் பாருங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். நல்ல வெள்ளைப் பூச்சு அதில் கால் பங்கை மட்டுமே உள்ளே விடும். கரும்பச்சை முக்கால் பங்குக்கு மேல் விழுங்கும். ஆனால் 45 டிகிரியில் இருக்கும் தொட்டியின் சுவர் அகச்சிவப்பாக உமிழ்வதோ, எந்த நிறமானாலும், சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல். அதில் ஒரு பகுதி தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் திரும்பி வரும். இங்கேதான் வறண்ட நிலம் ஒரு கொடை தருகிறது. வானத்திலிருந்து அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதில் பெரும்பங்கு நீராவிக்கு. அது குறைந்த காற்றின் வழியாக, 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர் நேராக மேலே தப்பிப் போய்விடும். தொட்டி உமிழும் கதிர் வலுவாக இருப்பதும் அந்த அலைநீளங்களில்தான். வறண்ட, தெளிந்த வானம் அகச்சிவப்புக்கு மிகக் குளிர்ந்த கூரை. பாலைவன இரவுகள் அப்படிக் குளிர்வதும் இதனால்தான்.

ஆகவே, பச்சை வண்ணம் வேண்டாம். தொட்டியின் மேல் கொடிப்பந்தல் போட்டு வானத்தை மறைப்பதும் வேண்டாம். பந்தல் பகலில் நிழல் தருவது உண்மைதான். ஆனால் அது தொட்டியின் இரவுக் குளிர்ச்சியில் பெரும்பகுதியைப் பறித்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் பாதுகாப்பு வால்வு. திறக்க நேர்ந்தால் வாயு மேல்நோக்கிப் பீறிடும். அது தீப்பற்றினால் மேலே கிளை எதுவும் இருக்கக் கூடாது.

இப்போது புதருக்கு வருவோம். அகச்சிவப்புக்கு வெள்ளை வண்ணம் கறுப்பு என்பது வெயிலில் வரம். நெருப்பின் முன் சாபம். சூரியனின் பரப்பு ஏறக்குறைய 5500 டிகிரி. அதன் கதிர்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். எரியும் புதரின் சுவாலை 1000 டிகிரி அளவு. அதன் கதிர்வீச்சில் மூன்றில் இரண்டு பங்கு 2.5 மைக்ரோமீட்டருக்கு அப்பால், பிசின் விழுங்கும் பகுதியில் இருக்கிறது. வெயிலின் முன் கவசமாக நின்ற வெண்மை, தீயின் முன் பெரிதாக எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சுவாலை நேராக மேலே பட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் அளவில்கூட வெப்பம் ஏறலாம். வெயிலைப் போல நூறு மடங்கு.

அப்போது தொட்டியைக் காப்பது உள்ளே இருக்கும் திரவம். காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் காகிதம் எரியாது. தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதுபோலவே, திரவம் நனைக்கும் சுவரைக் கொதிக்கும் புரொப்பேன் குளிர்த்திக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஆவி மட்டும் இருக்கும் பகுதியில் அந்தத் துணை இல்லை. அங்கே எஃகு விறுவிறுவென்று சூடேறும். 600 டிகிரியை நெருங்கும்போது தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். உள்ளே அழுத்தம் கூடுகிறது, வெளியே சுவர் தளர்கிறது. சுவர் கிழிந்தால் திரவம் ஒரே நொடியில் கொதித்துச் சிதறிப் பெருந்தீக்கோளமாக வெடிக்கும். இதைப் பொறியாளர்கள் ‘பிளெவி’ என்கிறார்கள். 1973 ஜூலை 5 அன்று, வறண்ட அரிசோனா மாநிலத்தின் கிங்மன் நகரில் ஒரு புரொப்பேன் ரயில் டேங்கர் இப்படி வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

காய்ந்த புல் பற்றிக் கடந்துபோனாலே வீட்டுத் தொட்டி வெடித்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. புல்தீ ஓரிரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கனத்த எஃகுச் சுவர் அதற்குள் அவ்வளவு சூடேறாது. நின்று நிதானமாக எரியும் பொருள்கள்தாம் ஆபத்து. அடுக்கி வைத்த விறகு, மரவேலி, மரப்பட்டை மூடாக்கு, உள்ளே சருகு சேர்ந்த முதிர்ந்த புதர். இவை பக்கத்தில் இருந்தால் தொட்டிக்கு நீண்ட நேரம் சூடு ஏற்றும். சிறிய சுவாலை ஒன்றை ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குத் தள்ளினால் அதிலிருந்து வரும் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 58-ஆம் எண் விதித்தொகுப்பு, களைகளும் நீண்ட காய்ந்த புல்லும் குவிந்த எரிபொருள்களும் தொட்டியிலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. 10 அடி என்பது அந்த மூன்று மீட்டர்தான்.

‘தீப்பிடிக்காத செடிகள்’ என்ற பட்டியல்களை நம்பி அந்த மூன்று மீட்டருக்குள் நடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அப்படி ஒரு செடி இல்லை. அது ஒரு மூடநம்பிக்கை. ஒரு செடி எளிதில் பற்றுமா என்பதை அதன் பெயரைவிட அதிலுள்ள நீர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க 2.6 மெகாஜூல் வேண்டும். நெருப்பு அந்த வரியைக் கட்டிய பிறகே இலை எரியும். சோற்றுக் கற்றாழை உடல் முழுக்க நீர் என்பதால் பற்றத் தயங்கும். அதே கற்றாழையின் அடியில் பல ஆண்டுகளாகக் காய்ந்து தொங்கும் மடல்கள் நன்றாகவே எரியும். ஜூனிபர் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள ஊசியிலைப் புதரோ, பச்சையாக இருக்கும்போதே சீறிக்கொண்டு எரியும். ஒவ்வொரு செடியையும் ஒவ்வொரு பருவத்தில் வெட்டி எரித்து, அது செலவழிக்கும் ஆக்சிஜனை அளந்து, வெளிவரும் வெப்பத்தைக் கணக்கிடும் கருவிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு 13.1 மெகாஜூல் என்ற எளிய, அழகான எண்ணின் மேல் நிற்கும் முறை அது. புல்லையும் புதரையும் எரித்துப் பார்க்க எதற்கு நிதி என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரிய தொலைநோக்கிகளுக்குக் கொடுப்பதில் ஒரு துளியையாவது இதற்கும் கொடுக்க வேண்டும் என்பேன். வீடுகளைக் காப்பாற்றும் அறிவியல் இது.

அப்படியானால் அந்த மூன்று மீட்டரில் என்ன போடுவது? சரளைக்கல். அதுவும் வெளிர் நிறச் சரளை. கருங்கல் ஜல்லி பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பாலைவனப் பிற்பகலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதித்து, அந்தச் சூட்டை அகச்சிவப்பாகத் தொட்டியின் அடிவயிற்றில் வீசும். வெள்ளைப் பூச்சு அதைக் கறுப்புப் போல வாங்கிக்கொள்ளும். வெளிர்ச் சரளையும் ஒளியை மேல்நோக்கித் திருப்பும்தான். ஆனால் அது சூரிய ஒளியாகவே வருவதால் பூச்சு அதில் பெரும்பகுதியைத் தட்டிவிடும். அந்த இரட்டை நிறம் தரையைத் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது.

வறண்ட இடத்துத் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு வேலையையும் இங்கே தவிர்க்க வேண்டும். மழைநீர் தேங்கட்டும் என்று செடியைச் சுற்றிக் குழிப்பாத்தி வெட்டி, ஓரத்தில் வரப்புக் கட்டுவார்கள். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலவே பள்ளத்தைத் தேடி ஓடும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றத் தயாராகிவிடும். மழையைப் பிடிக்கும் பள்ளம் கசிவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர் எழுப்பினாலும் இதே கதைதான். தரை வீட்டைவிட்டு விலகிச் சரிந்து, காற்று தடையின்றிப் புகுந்து போகும்படி இருக்கட்டும்.

நிழல் வேண்டுமானால் மேற்கே தள்ளி ஒரு மரம் நடுங்கள். சூரியன் 30 டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல 1.7 மடங்கு நீளும். 6 மீட்டர் தொலைவில் நிற்கும் 5 மீட்டர் மரத்தின் நிழல், பகலெல்லாம் சூடேறிய தொட்டியைப் பிற்பகலில் தொட்டுவிடும்; கிளை தொடாது. நிலத்தடிக் குழாய் போகும் வழியில் மட்டும் அந்த மரம் வேண்டாம்.

கடைசியாக, வாசகியின் கண்ணை உறுத்தும் காட்சி. ஒன்றை மறைக்க அதன் அருகில் திரை கட்டத் தேவையில்லை. நம் கண்ணின் அருகில் கட்டினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்க்கும் கண்ணிலிருந்து தொட்டி 15 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நீளம் மூன்று மீட்டர். கண்ணிலிருந்து மூன்று மீட்டரில், அதாவது சன்னலுக்கு வெளியே சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கற்றாழைத் தூர் கண்மட்டம் வரை எழுந்து நின்றால் தொட்டி முழுவதும் அதன் பின்னால் மறைந்துவிடும். காய்ந்த அடிமடல்களை மட்டும் அவ்வப்போது அறுத்து எடுத்துவிடுங்கள்.