“அவரே ஒத்துக்கிட்டாரு” என்றால் சட்டம் கேட்காது

போன மாதம் ஒரு டயர் கடை அண்ணனோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டுப் போன பையன் ஒருவன் புகார் கொடுத்திருந்தான். அதிகாரி சம்பளப் பதிவேட்டைக் கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து 555 என்கிற சின்னக் குறிப்பு நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை முழுக்கக் கிரீஸ் கறை, உள்ளே “அட்வான்ஸ் 200”, “தீபாவளி 300”, ஓர் இடத்தில் வெறும் “தம்பி 50”. கையெழுத்து என்று ஒன்று எங்கேயும் கிடையாது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறவள். மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, தையல் கடை, செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக் குத்தகைக்காரர்கள் என்று என்னிடம் வருகிற முதலாளிகளில் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். இவர்கள் யாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. சட்டம் மாறியது தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த அண்ணன் விஷயத்தையே பாருங்கள். பையனுக்கு மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கையில் கொடுத்திருக்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 தானே, நான் அதற்கு மேலேயே கொடுத்தேனே என்று அவருக்குக் கோபம். ஆனால் சேர்க்கும்போது பேசியது அடிப்படைச் சம்பளம் 1,500, சாப்பாட்டு அலவன்ஸ் 300. குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் அலவன்ஸ் சேராது, அடிப்படைச் சம்பளம் மட்டுமே சேரும். ஆக மாதம் 200 வெள்ளி குறைவு. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்கு 1,700 வெள்ளி 2025 பிப்ரவரி 1-லேயே வந்துவிட்டது, ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆகஸ்ட் 1 வரை தவணை கொடுத்தார்கள். “எங்களுடையது சின்னக் கடைதானே” என்று சொல்லும் காலம் அதோடு முடிந்தது. எட்டு மாதத்துக்கு 1,600 வெள்ளி பாக்கி. அந்த 300-க்கு ஊழியர் சேமநிதி கட்டாமல் விட்டது தனிக் கணக்கு, ஏனென்றால் சேமநிதிக் கணக்கில் சாப்பாட்டு அலவன்ஸும் சம்பளத்தில் சேரும். அதே 1,800-ஐச் சேர்க்கும்போதே அடிப்படை 1,700, அலவன்ஸ் 100 என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தச் சம்பளப் பாக்கியே வந்திருக்காது. வழக்கு என்று நீதிமன்றம் போனால் ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் போட இடமிருக்கிறது. நல்லவேளை, இது அவ்வளவு தூரம் போகவில்லை.

“அவனே ஒத்துக்கிட்டுத்தானே வந்தான்!” இதை அண்ணன் அன்றைக்கு நாலு தடவை சொன்னார். நானும் வாரத்துக்கு ஒரு தடவையாவது யார் வாயிலிருந்தாவது இதைக் கேட்கிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. சட்டம் சொல்வதைவிடக் குறைவாக எதை ஒத்துக்கொண்டாலும், எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தாலும், அது செல்லாது, அந்த இடத்தில் சட்டத்தில் உள்ளதுதான் நிற்கும். கூட்டிக் கொடுக்கலாம், குறைக்க முடியாது.

இது பழைய பிரிவுதான். ஆனால் 2023 ஜனவரி 1-க்கு முன்னால் அந்தச் சட்டம் பெரும்பாலும் 2,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குகிறவர்களையும் உடலுழைப்பு வேலைக்காரர்களையும்தான் காத்தது. திருத்தம் வந்த பிறகு கணக்குப்பிள்ளை, மேனேஜர் எல்லாருமே உள்ளே வந்துவிட்டார்கள். 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிற அலுவலக ஊழியருக்கு ஓவர்டைம் மாதிரி சில உரிமைகள் மட்டும் கிடையாது. சபா, சரவாக்கில் கிளை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அங்கே தனிச் சட்டம், அதையும் 2025 மே 1 முதல் திருத்திவிட்டார்கள்.

அடுத்தது வேலை நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகிவிட்டது. நம் ஊரில் பல கடைகளில் இன்னும் தினம் எட்டு மணி நேரம், ஆறு நாள். அதாவது வாரத்துக்கு 3 மணி நேரம் ஓவர்டைம், முதலாளிக்கே தெரியாமல். 1,700 வெள்ளிச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை ஏழரை மணி நேரத்தால் (45-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தது) வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 சென். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 13 வெள்ளி 8 சென். வாரத்துக்கு 39 வெள்ளி என்றால் ஒன்றும் தெரியாது, ஆனால் வருடத்துக்கு ஓர் ஆளுக்கு 2,000 வெள்ளியைத் தாண்டும். என் வாடிக்கையாளர் ஒருவரின் மளிகைக்கடையில் சனிக்கிழமையை மட்டும் ஐந்து மணி நேரமாகக் குறைத்தோம். மீதி ஐந்து நாளும் பழையபடி எட்டு மணி நேரம். செலவே இல்லை.

பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது, கொஞ்சம் விவரம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, பிள்ளைத்தாய்ச்சியை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்பது. கடையை மூடுவது, அந்தப் பெண்ணே பெரிய தவறு செய்வது மாதிரி காரணங்கள் இருந்தால்தான் முடியும், அந்தக் காரணத்தை நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். ஓர் அக்கா போன் செய்து, “ஆறு மாசம் ஆச்சும்மா, அவளால நின்னு தைக்க முடியல, நல்லபடியா பேசி அனுப்பிடட்டுமா?” என்று கேட்டார். அனுப்பாதீங்கக்கா, உட்கார்ந்து செய்கிற காஜா வேலையைக் கொடுங்க என்றேன். கொடுத்தார். அந்தப் பெண் குழந்தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்வரை வேலைக்கு வந்தாள். அப்பாவாகிறவருக்கும் இப்போது ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதே இடத்தில் ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர் வைத்திருக்கும் குத்தகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டை வாங்கி உங்கள் மேசை டிராயரில் பூட்டி வைக்காதீர்கள். “தொலைச்சிடுவான், அதான் வைச்சிருக்கேன்” என்று நல்ல மனதோடு சொன்னாலும் அது குற்றம்தான். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அடையாளமாகவும் பார்க்கிறார்கள். கட்டாய உழைப்பு இப்போது வேலைச் சட்டத்திலேயே தனிக் குற்றம், 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2020-ல் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை இந்தக் காரணத்துக்காகத்தான் தடுத்து நிறுத்தியது. அதற்கப்புறம் அரசாங்கம் இதில் கண் வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் சேமநிதி கட்டாயம், முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. இதையும் பலர் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் சம்பளம் சொற்பம், ஆனால் மாதா மாதம் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடமிருந்து சம்பளச் சீட்டு வந்துவிடும். எத்தனை நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார், எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒன்று விடாமல் மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். தோட்டம் கைமாறிய பிறகு சேமநிதிக் கணக்கில் சில மாதங்கள் விடுபட்டிருந்தது தெரிந்தபோது, அந்த டின்னைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். விடுபட்ட பணம் வந்து சேர்ந்தது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்றைக்குப் பட்டணத்தில் முதலாளியாகி, தன்னிடம் வேலை செய்கிற பையனுக்கு ஒரு சீட்டு கொடுக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை. சீட்டு கொடுப்பது சட்டக் கடமை. பதிவேட்டை ஆறு வருடம் பத்திரமாக வைத்திருப்பதும், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போடுவதும் அப்படித்தான்.

டயர் கடை அண்ணன் பாக்கியை இரண்டு தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார். அட்வான்ஸ் கொடுத்தேனே, அதைக் கழிக்கலாமே என்று கேட்டார். கழிக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் வாங்கியதற்குக் கையெழுத்து வேண்டுமே. பையன் 200-ஐ மட்டும் வாங்கினேன் என்றான். மற்றது போனது போனதுதான். வெளியே வந்து சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்ததும், பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கட்டம் போட்டுக் காட்டினேன். பெயர், மாதம், வேலை செய்த நாள், அடிப்படை, அலவன்ஸ், ஓவர்டைம், பிடித்தம், அட்வான்ஸ், கையில் கொடுத்தது, கடைசியில் இரண்டு கையெழுத்து. தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான் அண்ணே என்றேன். தாளை நாலாக மடித்து அந்த 555 நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.