ரோட் பைக்குக்கு சஸ்பென்ஷன் வாங்குவதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள்

கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, சஸ்பென்ஷன் வைத்த ரோட் பைக்காக (தார் ரோட்டில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள்) வாங்கிவிடலாமா, இல்லை இருக்கிற சைக்கிளிலேயே சஸ்பென்ஷன் ஸ்டெம் (ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு, ஸ்பிரிங் வைத்தது) ஒன்றை மாட்டிக்கொண்டால் போதுமா என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நான் பிசியோதெரபிஸ்ட், ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப சைக்கிளைச் சரிசெய்யும் ஃபிட்டிங்கும் செய்கிறேன். அதனால் வலியோடு வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், புது சைக்கிளோடு வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: ரோட் பைக்கில் சொகுசு தப்பே இல்லை, சஸ்பென்ஷனுக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவைப்படுவதில்லை.

"ரோட் பைக்கில் சஸ்பென்ஷனா, அதற்கு எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று முகம் சுளிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தின் கதையைப் பார்க்க வேண்டும். வடக்கு பிரான்சில் 1896-இல் தொடங்கிய பந்தயம், கல் பாவிய பழைய பாதை மட்டுமே 50 கிலோமீட்டருக்கு மேல் வரும். 1992, 1993 இரண்டு ஆண்டும் அதை ஜெயித்த கில்பர்ட் டுக்லோ-லசால் ஓட்டியது ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) போட்ட சைக்கிள். 1994-இல் ஜெயித்த ஆந்த்ரே சிமிலும் அப்படியே. அதே 1994-இல் ஜொஹான் முசேவ் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த பியாங்கி சைக்கிளில் இறங்கினார், சைக்கிளே அவரைக் கைவிட்டது. அதோடு அந்த ஃபோர்க் மோகம் அடங்கிவிட்டது. அப்புறம் 2012-இல் ட்ரெக் கம்பெனி, டொமானே மாடலில் ஐசோஸ்பீட் என்று சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) தனியாக வளைந்து கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே ஃபேபியன் கான்செலாரா அதில் ரூபேயை ஜெயித்தார். 2016-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, பந்தயத்தின் பெயரிலேயே இருக்கும் தன் ரூபே மாடலில், ஸ்டெம்முக்குக் கீழே 20 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கை வைத்து அதற்கு ஃப்யூச்சர் ஷாக் என்று பெயரிட்டது, 2018-இல் பீட்டர் சகான் அந்தப் பந்தயத்தை ஜெயித்தது இந்த மாடலில்தான்.

இத்தனை நடந்தும், 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த மாத்யூ வான் டெர் பூல் ஓட்டியது சஸ்பென்ஷன் எதுவுமே இல்லாத, காற்றைக் கிழித்துப் போகும் வடிவில் செய்த ஏரோ சைக்கிள், அதில் அகலமான டியூப்லெஸ் டயர். ட்ரெக்கும் 2022-இல் வந்த டொமானேயில் முன்பக்க ஐசோஸ்பீடை எடுத்துவிட்டது. ஸ்பிரிங் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியை டயர் வாங்கிக்கொண்டுவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

காரணம் எளிது. ரோட்டை முதலில் தொடுவது டயர். ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் கைக்கு வரும் அடியைக் குறைக்கும், ஆனால் அதற்குள் சக்கரமும் ஃபிரேமும் குதித்து முடித்திருக்கும். 23 மில்லிமீட்டர் டயரிலிருந்து 32-க்குப் போனால் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் ரிம் இடிக்குமோ என்ற பயமில்லாமல் அழுத்தத்தைக் குறைக்கலாம். கரடுமுரடான தாரில் விடாமல் வரும் அந்தப் பொடி அதிர்வு இருக்கிறதே, உடம்பை அதிகம் களைக்க வைப்பது அதுதான், அதை டயர் அளவுக்கு எதுவும் விழுங்குவதில்லை. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, பாலத்து இணைப்பில் இருக்கும் பள்ளம் மாதிரி ஒற்றை அடிகளில் ஸ்பிரிங்கின் அருமை தெரியும், அதையும் மறுக்கவில்லை.

சமீபத்தில் வந்த ஒருவரின் சைக்கிளைச் சொல்கிறேன். ஆள் 62 கிலோ. புதிதாக மாட்டிய சஸ்பென்ஷன் ஸ்டெம் இருக்கிறது, கை மட்டும் இன்னும் மரத்துப்போகிறது. கேஜை வைத்துப் பார்த்தால் 25 மில்லிமீட்டர் டயரில் 120 பிஎஸ்ஐ காற்று. டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அளவு என்று அச்சிட்டிருப்பதையே அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டு எப்போதும் அவ்வளவு அடித்திருக்கிறார் (இப்படிச் செய்பவர்கள் ஏராளம்). அந்த எடைக்கு 80 பக்கமே போதும், 28 டயர் என்றால் 70-க்கும் கீழே வரலாம். சரி என்று ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஏற்றி உட்காரவைத்தேன். சீட்டின் மூக்கு நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முன்னால் வழுக்குகிறார், கையை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்கிறார். முழங்கை இரண்டும் பூட்டுப் போட்டது மாதிரி நேராக நிற்கிறது, மணிக்கட்டு ஹூட்டின் (பிரேக் லீவரின் மேல் இருக்கும் ரப்பர் பிடி) மேல் மடங்கிக் கிடக்கிறது. உடம்பின் எடையைக் கையில் போட்டுவிட்டு, அந்தக் கைக்கு ஸ்பிரிங் வாங்கித் தந்தால் என்ன பயன்? செருப்பு கடிக்கிறது என்று தெருவுக்கு மெத்தை விரித்த கதைதான். சீட்டை மட்டமாக்கி, கொஞ்சம் குட்டையான சாதாரண ஸ்டெம்மை மாட்டி, காற்றைக் குறைத்து அனுப்பினேன். ஸ்பிரிங் ஸ்டெம்மை விற்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

இந்த மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், உள்ளங்கை அடியில் சுண்டுவிரல் பக்கமாக நுழையும் உல்னார் நரம்பு நசுங்குகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் அது மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. இறங்கிக் கையை உதறினால் சில நிமிடங்களில் சரியாகிறது என்றால் மேலே சொன்ன திருத்தங்களே போதுமானவை. மறுநாள் காலையிலும் இருக்கிறது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, சாவியைத் திருகப் பிடி கிடைக்கவில்லை என்றால் நிலைமை வேறு. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை இடுக்கிக்கொண்டு யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் மட்டும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தசைக்குப் போகும் நரம்பே பாதித்திருக்கலாம், சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சஸ்பென்ஷன் வைத்துக்கொண்டு வலி குறைந்ததே என்று ஓட்டிக்கொண்டே போவதில் எனக்கு இருக்கும் பயம் இதுதான்.

யாருக்கு நான் தாராளமாகச் சொல்வேன் என்றால், மணிக்கட்டு எலும்பு முறிந்து சேர்ந்தவர்கள், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள், அப்புறம் நீண்ட பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம்) ஓட்டுபவர்கள். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஒருவருக்கு, இரண்டாம் நாள் காலையில் கைப்பிடியைப் பிடிக்கத் தெம்பு மிச்சமிருப்பது பெரிய விஷயம். இன்னொரு கூட்டமும் உண்டு: ரிம் பிரேக் காலத்துப் பழைய நல்ல ஃபிரேம் வைத்திருப்பவர்கள். அதில் பெரும்பாலும் 25-க்கு மேல் டயர் நுழையாது, அப்படியானால் வளைந்து கொடுக்கும் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பம்) நியாயமான செலவு. 27.2 மில்லிமீட்டர் போஸ்ட் போகும் ஃபிரேம் என்றால் ஒரு நல்ல கார்பன் போஸ்டே, வெளியே நிறைய நீட்டிக்கொண்டிருந்தால், கணிசமாக வளையும். ஸ்பிரிங் சீட்போஸ்ட் வாங்கினால் மறுபடி சீட் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் அது கொஞ்சம் அமுங்கும், பழைய உயரத்திலேயே விட்டால் முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும்.

வாங்குவது என்றால் ஃபிரேமோடு வரும் சஸ்பென்ஷனைவிடத் தனியாக மாட்டும் ஸ்டெம், சீட்போஸ்ட் மேல், பிடிக்கவில்லை என்றால் கழற்றி விற்றுவிடலாம். ஃபிரேமோடு வருவதில் அந்தக் கம்பெனியின் பாகம் தவிர வேறு எதுவும் சேராது. வியர்வை சொட்டுவது நேராக ஸ்டெம் மேல்தான், கடற்கரைச் சாலையில் ஓட்டுபவருக்கு உப்புக் காற்றும் சேரும், ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே துருவும் மணலும் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வண்டி வாங்கப் போனால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடப்போ கரகரப்போ இருந்தால் விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். புதிது என்றால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் (ஸ்பிரிங் அடங்கிய உருளை) தனியாக என்ன விலை, வர எத்தனை நாளாகும், சர்வீஸ் இங்கேயே செய்வீர்களா, இந்த மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.